ஸ்டேன் ஸ்ட்ரீட்: இலை கொட்டிய பிறகு போகவேண்டிய சாலை

இங்கிலாந்தின் தெற்கே, சசெக்ஸ் குன்றுகளின் மேல் ஏறி இறங்கும் ஸ்டேன் ஸ்ட்ரீட் என்ற ரோமானியச் சாலையில் நடக்க ஆசைப்படுபவர்கள் டிசம்பருக்கும் பிப்ரவரிக்கும் நடுவில் போங்கள். மே மாதம் வேண்டாம், ஆகஸ்ட் வேண்டவே வேண்டாம். கோடையில் அங்கே இருப்பது ஒரு நல்ல காட்டுப் பாதை, அவ்வளவுதான். அதைப் போல சசெக்ஸில் எத்தனையோ பாதைகள் இருக்கின்றன. குளிர்காலத்தில் இலையெல்லாம் கொட்டி, செந்தட்டியும் முட்செடியும் படுத்த பிறகுதான், இது யாரோ அளந்து, கோடு பிடித்து, கல் கொட்டிப் போட்ட சாலை என்பது கண்ணுக்குத் தெரிகிறது.

நான் நடந்தது ஆம்பர்லி ரயில் நிலையத்திலிருந்து பிக்னர் குன்று வழியாக ஹால்நேக்கர் வரை. சுமார் 15 கிலோமீட்டர். அதில் ரோமானியச் சாலை என்று சொல்லத்தக்க பகுதி பிக்னர் குன்றிலிருந்து ஹால்நேக்கர் வரையுள்ள 8 கிலோமீட்டர்தான், அதற்குள்ளும் நெஞ்சை நிறைக்கும் பகுதி இன்னும் குறைவு. ஆனால் அந்தக் கொஞ்ச தூரத்துக்காக மீதி எல்லாவற்றையும் நடக்கலாம். ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். அரையைக் குறைத்த காரணம் பின்னால் வருகிறது.

சாலையைப் பற்றிச் சுருக்கமாக. சிக்கெஸ்டரிலிருந்து லண்டன் பாலம் வரை சுமார் 91 கிலோமீட்டர். ரோமானியப் படை பிரிட்டனில் இறங்கியது கி.பி. 43-இல். அதற்கப்புறம் ஒரு தலைமுறைக்குள், ஏறக்குறைய கி.பி. 70 வாக்கிலேயே இது புழக்கத்துக்கு வந்துவிட்டது. சிக்கெஸ்டருக்கு அப்போது நோவியோமாகஸ் என்று பெயர். அந்தப் பக்கத்தை ஆண்ட தோகிதுப்னஸ் என்ற உள்ளூர் அரசன் ரோமானியரோடு நட்பாக இருந்தவன், அவன் பெயர் வெட்டிய கல்வெட்டு 1723-இல் சிக்கெஸ்டரில் கிடைத்து இன்றும் நார்த் ஸ்ட்ரீட்டில் ஒரு சுவரில் பதிந்திருக்கிறது. அதனால் அங்கே துறைமுகம், ஊர், லண்டனுக்குச் சாலை எல்லாம் வேகமாக எழும்பின. ஐவன் மார்கரி என்ற ஆய்வாளர் இருபதாம் நூற்றாண்டில் பிரிட்டனின் ரோமானியச் சாலைகளுக்கெல்லாம் எண் கொடுத்து ஒழுங்குபடுத்தினார். அந்தக் கணக்கில் இது 15-ஆம் எண் சாலை.

இதில் பெரும்பகுதி இப்போது தாருக்கு அடியில் கிடக்கிறது. பல்பரோவுக்கு வடக்கே ஏ29 நெடுஞ்சாலை இதன் மேல்தான் ஓடுகிறது, லண்டனுக்குள் ஏ24. லண்டனில் இருக்கும் தமிழர்களுக்கு ஒரு சேதி: டூட்டிங்கில் மளிகை வாங்க, தோசை சாப்பிட, முத்துமாரி அம்மன் கோயிலுக்குப் போக நாம் மிதிக்கிற அப்பர் டூட்டிங் ரோடு இருக்கிறதே, அது இந்தச் சாலைதான். பேலம், கிளாப்பம் என்று வடக்கே போகும் அதே கோடு. இத்தனை நாள் பஸ்ஸில் உட்கார்ந்து போன சாலையின் மறுமுனை ஆட்டுப் புல்வெளியில் வெறும் மண்ணும் கல்லுமாகக் கிடக்கிறது என்று தெரிந்ததும் எனக்குப் போகாமல் இருக்க முடியவில்லை.

எந்தப் பக்கமிருந்து நடப்பது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. பெரும்பாலானவர்கள் ஹால்நேக்கரில் தொடங்கி வடகிழக்காக ஏறுகிறார்கள். நான் ஆம்பர்லியில் தொடங்கச் சொல்வேன். லண்டன் விக்டோரியா நிலையத்திலிருந்து நேர் ரயில் இருக்கிறது, இறங்கியவுடன் நடக்கத் தொடங்கிவிடலாம், யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். ஏற்றம் எல்லாம் காலையிலேயே, கால் புதிதாக இருக்கும்போதே முடிந்துவிடும். அப்புறம் பிக்னர் குன்றிலிருந்து சாலையைப் பிடித்தால் சிக்கெஸ்டர் தேவாலயத்தின் கோபுரத்தை எதிரே வைத்துக்கொண்டு இறங்கலாம். நாள் முடியும்போது ஹால்நேக்கரில் ஒரு பப் இருக்கிறது, சூடான இடத்தில் உட்காரலாம். ஒரே குறை, பிற்பகலில் சூரியன் நேராகக் கண்ணில் அடிக்கும். முன்பக்கம் விளிம்பு நீண்ட தொப்பி போட்டால் தீர்ந்தது.

ஆம்பர்லியிலிருந்து குன்று ஏறும் பகுதியை வேகமாகக் கடந்துவிடுகிறேன். சௌத் டவுன்ஸ் வே என்ற நெடும்பாதைதான் அங்கே வழி, வின்செஸ்டரிலிருந்து ஈஸ்ட்போர்ன் வரை 160 கிலோமீட்டர் போவது, குறிகள் தெளிவாக இருக்கும். அருண் ஆற்றைப் பாலத்தில் கடக்கவேண்டும். குளிர்காலத்தில் ஆறு கரை புரண்டு, பக்கத்தில் உள்ள ஆம்பர்லி வைல்ட் புரூக்ஸ் தாழ்நிலம் முழுக்க ஏரியாக நிற்கும், பறவை பார்ப்பவர்களுக்கு நல்ல வேட்டை. ஆற்றோரம் சேறு அதிகம். முந்தைய நாட்களில் கனமழை என்றால் ஆற்றுமட்டத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். அப்புறம் ஏ29-ஐக் குறுக்கே கடக்கும் இடம் ஒன்று வரும். இந்த நடையில் எனக்குப் பயம் தந்த இடம் அது ஒன்றுதான், கார்கள் மலை இறக்கத்தில் பறந்து வருகின்றன, குழந்தைகளோடு போனால் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதைத் தாண்டினால் குன்றின் முதுகு, காற்று, செம்மறி ஆடுகள், ஒரு பக்கம் வீல்ட் சமவெளி, மறுபக்கம் தூரத்தில் கடல். பாதையோரத்தில் டோபியின் கல் என்று ஒன்று வரும், ஒரு வேட்டைக்காரர் நினைவாகக் குதிரை ஏறுவதற்கான படிக்கட்டு வடிவில் வைத்தது. அதில் உட்கார்ந்து டீ குடிக்கலாம், காற்று விட்டால்.

பிக்னர் குன்று 225 மீட்டர். உச்சிக்கு மேற்கே சற்று இறங்கினால் ஒரு சின்ன கார் நிறுத்துமிடம், அங்கே மரத்தில் செய்த கைகாட்டி. அதில் ஒரு கை லொந்தினியம் என்கிறது, இன்னொரு கை நோவியோமாகஸ் என்கிறது. லண்டன், சிக்கெஸ்டர் என்று எழுதாமல் பழைய பெயரையே எழுதி நட்டிருக்கிறார்கள். எல்லோரும் அதோடு படம் எடுத்துக்கொள்கிறார்கள், நானும் எடுத்தேன். ஆனால் அதற்குப் பக்கத்தில் நின்று வடக்கே பாருங்கள். குன்று அங்கே செங்குத்தாக விழுகிறது. ரோமானியச் சாலை என்றால் எதற்கும் வளையாத நேர்கோடு என்று பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டோம். இங்கே வந்து பார்த்தால் சாலை அந்தச் சரிவில் நேராகக் குதிக்கவில்லை, சரிவை வெட்டிச் சாய்வாக, பக்கவாட்டில் இறங்குகிறது. நிறைசுமை ஏற்றிய மாட்டுவண்டி இறங்கவேண்டுமே. தரை இடம் கொடுத்த வரை நேர்கோடு, கொடுக்காத இடத்தில் வளைவு, அப்புறம் மறுபடி நேர்கோடு. சாலை போட்டவர்கள் பிடிவாதக்காரர்கள் இல்லை, நிலத்தைப் படித்தவர்கள் என்பது அங்கே நின்றால்தான் புரிகிறது.

குன்றின் அடிவாரத்தில் பிக்னர் ரோமானிய மாளிகை இருக்கிறது. 1811-இல் ஜார்ஜ் டப்பர் என்ற விவசாயி உழும்போது ஏர் தட்டி வெளிப்பட்ட இடம், இன்னும் அந்தக் குடும்பமே பார்த்துக்கொள்கிறது. உள்ளே மொசைக் தரைகள், வீனஸ், மெடூசா, வாள்வீரர்களாக வேடமிட்ட சிறுவர்கள், 24 மீட்டர் நீளத்துக்கு ஒரு நடைக்கூடத் தரை. எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது குளிர்காலத்தின் முகம். தலையை மூடிய கம்பளி அங்கி, தோளோரம் இலையில்லாத ஒரு கிளை. மத்தியதரைக்கடல் பக்கத்துக் கலை இந்தக் குளிருக்கு வந்து, இந்தக் குளிரையே முகமாக வரைந்து தரையில் பதித்திருக்கிறது. வருத்தம் என்னவென்றால் மாளிகை குளிர்காலத்தில் மூடியிருக்கும், பொதுவாக மார்ச்சிலிருந்து அக்டோபர் வரைதான் திறப்பார்கள். அதனால் இந்த நடையோடு சேர்த்துப் பார்க்க முடியாது, தனியாக ஒரு முறை வரவேண்டும். வாருங்கள், வீண் போகாது. குளிர்காலத்தில் அவர்கள் மூடுவதைக் குற்றமாகச் சொல்லவில்லை, ஆனால் சனவரி நாளில் அந்த முகத்தைப் பார்த்துவிட்டு மேலே ஏறினால் எப்படி இருக்கும் என்று ஏங்காமல் இருக்க முடியவில்லை.

இனி முக்கியமான பகுதி. கார் நிறுத்துமிடத்திலிருந்து தென்மேற்காக இறங்கி கம்பர் பண்ணைப் பக்கம் போகும் பாதையைப் பிடியுங்கள். கொஞ்ச தூரத்தில் தரை மாறுகிறது. முதலில் ஏதோ வரப்பு மாதிரித்தான் இருக்கும், அப்புறம் அது அகன்று, உயர்ந்து, நம் ஊர் ஏரிக்கரை போல இரண்டு பக்கமும் சரிந்து, எதிரே ஒரே கோடாக ஓடத் தொடங்கும். இதுதான் ரோமானியர் போட்ட மேடு. இரண்டாயிரம் வருடம் ஆகப்போகிறது, இன்னும் சரியவில்லை. பக்கத்திலேயே கிடைத்த சுண்ணாம்புப் பாறை, சக்கிமுக்கிக்கல், சரளை, இவற்றை அடுக்கடுக்காகக் கொட்டி இடித்து, மழைத்தண்ணீர் நிற்காமல் வடிய நடுவை உயர்த்தி, பக்கங்களில் பள்ளம் வெட்டியிருக்கிறார்கள். குளிர்காலத்தில் புல் குட்டையாகவும் நனைந்தும் இருப்பதால் அந்த வடிவம் முழுசாகத் தெரிகிறது. முயல் வளை தோண்டிய இடங்களில் உள்ளே இருந்த சக்கிமுக்கிக்கல் வெளியே சிதறிக் கிடக்கும், குனிந்து பாருங்கள், ஆனால் எடுக்காதீர்கள், நோண்டாதீர்கள். அது பாதுகாக்கப்பட்ட இடம்.

நேரமும் முக்கியம், அதைச் சொல்லவேண்டும். டிசம்பர் கடைசியில் இந்த ஊரில் நண்பகலில்கூட சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 15 டிகிரிதான் ஏறுகிறது. சாலை வடகிழக்கு–தென்மேற்காகக் கிடக்கிறது. முற்பகலில் சூரியன் தென்கிழக்கிலிருந்து, அதாவது சாலைக்குக் குறுக்கே, தாழ்ந்து அடிக்கிறது. அப்போது மேட்டின் நிழல் வடபக்கப் பள்ளத்தில் நீளமாக விழுந்து, சின்னச் சின்ன ஏற்ற இறக்கம்கூட எடுப்பாகத் தெரியும். கோடை மதியத்தில் வந்தால் ஒளி தலைக்கு மேலிருந்து கொட்டும், எல்லாம் தட்டையாகிவிடும். பிற்பகலில் வேறு மாதிரி: டிசம்பர் கடைசியில் சூரியன் மறையும் திசையும் சாலை போகும் திசையும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடுகின்றன. இது தற்செயல், ரோமானியர் இதற்காகப் போடவில்லை, சிக்கெஸ்டர் அந்தத் திசையில் இருக்கிறது, அவ்வளவுதான். ஆனாலும் பழுத்த வெளிச்சம் அந்தக் கோட்டின் நீளத்துக்கும் ஓடி வந்து காலடியில் முடியும்போது நான் கொஞ்ச நேரம் நடக்காமல் நின்றுவிட்டேன்.

வானத்திலிருந்து லேசர் கதிரை அனுப்பித் தரையின் ஏற்ற இறக்கத்தை அளக்கிறார்களே, லைடார் என்று, இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை அந்தப் பறப்புகளைக் குளிர் மாதங்களில்தான் அதிகம் வைத்துக்கொள்கிறது. காரணம் இதேதான், இலை இல்லாதபோது தரை தெரியும். அந்தத் தரவைப் பொதுமக்களுக்கு இலவசமாகத் திறந்துவிட்டிருக்கிறார்கள். அதை வைத்துக்கொண்டு ஆர்வலர்கள் தொலைந்துபோன சாலைத் துண்டுகளை வீட்டிலிருந்தே தேடிப்பிடிக்கிறார்கள். போவதற்கு முந்தின இரவு இந்தப் பகுதியின் லைடார் படத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போங்கள். திரையில் மெல்லிய கோடாகப் பார்த்ததை மறுநாள் காலின் கீழ் உணர்வது தனி அனுபவம்.

கம்பர் பக்கத்தில் வானம் தெளிவாக இருந்தால் சிக்கெஸ்டர் கோபுரம் தெரியும். 84 மீட்டர் உயரம். அது ரோமானியர் காலத்தது இல்லை, 1861-இல் பழைய கோபுரம் இடிந்து விழுந்த பிறகு கட்டியது. ஆனால் சாலை எங்கே போய்ச் சேர்கிறது என்பதை அது அடிவானத்தில் ஊசி குத்திக் காட்டிவிடுகிறது. இன்னும் தள்ளி வைட் தீவும் தெரிவதுண்டு.

இந்தச் சாலையில் என்ன போயிருக்கும் என்று யோசித்துக்கொண்டே நடந்தேன். தானியம், மட்பாண்டம், வீல்ட் பகுதியில் உருக்கிய இரும்பு, அரசுத் தபால், வரி, படைவீரர். வடக்கே ஹாட்ரியன் சுவருக்குப் பக்கத்தில் விந்தோலாந்தா கோட்டையில் கிடைத்த மரப்பலகைக் கணக்குகளில் ஒரு வீரன் இரண்டு தெனாரியஸுக்கு, அதாவது இரண்டு ரோமானிய வெள்ளிக்காசுக்கு, மிளகு வாங்கிய குறிப்பு இருக்கிறது. அந்தக் காலத்தில் மிளகு என்றால் அது நம் மேற்குக் கரையிலிருந்து, சேர நாட்டு முசிறி போன்ற துறைமுகங்களிலிருந்து போனதுதான். அதற்கு விலையாக வந்த ரோமானியக் காசுகள் கோயம்புத்தூர்ப் பக்கம் இன்றும் மண்ணுக்குள்ளிருந்து கிடைக்கின்றன, அகஸ்டஸ், திபேரியஸ் முகம் பொறித்தவை. அந்த மிளகு இந்த வழியாகப் போனது என்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்த மேட்டைக் கொட்டி இடித்துக்கொண்டிருந்த அதே காலத்தில் முசிறியில் மூட்டை ஏறிக்கொண்டிருந்தது, இரண்டும் ஒரே வணிகத்தின் இரண்டு ஓரங்கள். கொடுமணல், கரூர் என்று அகழாய்வு இடங்களைப் பார்த்தவர்களுக்கு இங்கே நிற்பது வேறு மாதிரி இருக்கும்.

வழியில் சில கம்பங்களில் கப்பல், ஓக் மரம், கிரீடம் சேர்ந்த சின்னம் ஒட்டியிருக்கும். அது மோனார்க்ஸ் வே. 1651 செப்டம்பரில் வூஸ்டர் போரில் தோற்ற இரண்டாம் சார்ல்ஸ் ஒளிந்து ஒளிந்து ஓடி, அக்டோபரில் ஷோரம் துறைமுகத்திலிருந்து கப்பல் ஏறினான், அந்த ஓட்டத்தின் தடத்தை ஒட்டிப் போட்ட நெடும்பாதை. நமக்கு அதில் பயன், குறியைத் தொடர்ந்தால் வழி தவறாது.

அப்புறம் ஈர்த்தம் காடு. இங்கே சிலருக்கு ஏமாற்றமாக இருக்கலாம். திறந்த வெளியின் வீச்சு போய்விடும், இரண்டு பக்கமும் பீச் மரங்கள், ஈரம், சாம்பல் நிறம். எனக்கு இந்தப் பகுதியும் பிடித்தது. பீச் மரத்தின் பட்டை வழுவழுவென்று, மழையில் நனைந்தால் ஈயம் மாதிரி மினுங்கும். ஹேசல் புதர்களில் சனவரியிலேயே மஞ்சள் சரங்கள் தொங்கத் தொடங்கிவிடுகின்றன. வேலியோரத்தில் காட்டுக் கொடியின் வெள்ளைப் பஞ்சுவிதை. 1987 அக்டோபர் புயலில் தென் இங்கிலாந்து முழுக்க சுமார் ஒன்றரைக் கோடி மரங்கள் விழுந்தன, இந்தச் சுற்றுவட்டாரத்துப் பீச் காடுகளுக்கும் பலத்த அடி. அதனால் பல இடங்களில் மரங்கள் இளசு. காட்டின் நடுவில் பல பாதைகள் ஒரே இடத்தில் சந்திக்கும், அங்கே நின்று எது நம் சாலை என்று குழம்புவோருக்கு ஒரு யோசனை: கைகாட்டியைத் தேடுவதற்கு முன் தரையைப் பாருங்கள். எந்தப் பாதை முதுகு உயர்ந்து நேராகப் போகிறதோ அதுதான். கோடையில் இப்படிக் கண்டுபிடிக்கவே முடியாது, இலையும் செடியும் எல்லாவற்றையும் ஒரே பச்சையாக்கிவிடும்.

துப்பாக்கிச் சத்தம் கேட்டால் பதறவேண்டாம். பிப்ரவரி 1 வரை ஃபெசன்ட் என்ற காட்டுக்கோழியின் வேட்டைக் காலம். பொதுப் பாதையை விட்டு விலகாமல் நடந்தால் போதும், நாய் கூட வந்தால் கயிற்றில் பிடியுங்கள்.

ஹால்நேக்கர். இந்த நடையின் இணையப் புகழ் மொத்தமும் இங்கேதான் இருக்கிறது, மரங்கள் இரண்டு பக்கமும் வளைந்து மேலே கூடி ஒரு குகை போல நிற்கும் அந்தச் சந்து. படம் எடுக்க வருபவர்கள் அதோடு திரும்பிவிடுகிறார்கள். அழகுதான், மறுக்கவில்லை. குளிர்காலத்தில் பச்சைக் கூரை இருக்காது, கிளைகளின் பின்னல் மட்டும்தான், பள்ளமாகத் தேய்ந்த வழியின் வடிவம் இன்னும் நன்றாகத் தெரியும், கூட்டமும் குறைவு. ஆனால் பலரும் அந்தக் குகையே ரோமானியச் சாலை என்று எழுதுகிறார்களே, அதை நான் ஏற்கமாட்டேன். வரைபடத்தில் சிக்கெஸ்டரிலிருந்து பிக்னர் குன்றுக்கு ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால், கோடு இப்போதைய ஏ285 தார்ச்சாலையோடு போகிறது, குகை அதிலிருந்து வடக்கே பிரிந்து காற்றாலைக் குன்றில் ஏறுகிறது. இதைச் சொல்வது குறை சொல்வதற்கு இல்லை. குகையை மட்டும் பார்த்துவிட்டு ரோமானியச் சாலையைப் பார்த்தாயிற்று என்று வீட்டுக்குப் போய்விட்டால் கம்பர் மேட்டைத் தவறவிடுவீர்களே என்பதற்காகத்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். நேரம் இருந்தால் ஏறி ஆலையைப் பாருங்கள். பதினெட்டாம் நூற்றாண்டுச் செங்கல் கோபுரம், சூரியன் இறங்கும்போது அங்கிருந்து கடல் வரை தெரியும்.

பக்கத்துக் கிராமம் பாக்ஸ்குரோவ். கிரிக்கெட் பைத்தியங்களுக்கு: 1622-இல் ஞாயிற்றுக்கிழமை தேவாலய வளாகத்தில் கிரிக்கெட் ஆடினார்கள் என்று அந்த ஊர்க்காரர்கள் சிலர் மேல் வழக்குப் போட்டார்கள். பந்து சன்னலை உடைக்கும் என்பதும் புகாரில் ஒன்று. அதே ஊரின் கல்குவாரியில்தான் சுமார் ஐந்து லட்சம் வருடப் பழமையான மனிதக் கணைக்கால் எலும்பு 1990-களில் கிடைத்தது. அதற்கு முன்னால் நம் ரோமானியச் சாலை நேற்றுப் போட்டது.

இப்போது குறைத்த அந்த அரை மதிப்பெண். நடையின் கடைசியில் ஊருக்குத் திரும்பும் வழிதான் பிரச்சினை. பஸ் அடிக்கடி கிடையாது, ஞாயிற்றுக்கிழமை நம்பவே முடியாது. நான் முன்பே சொல்லி வைத்த டாக்சி வரவில்லை, போன் செய்தால் எடுக்கவும் இல்லை. நல்லவேளை பப்பில் கணப்பு எரிந்துகொண்டிருந்தது, அங்கிருந்தவர்களே வேறொரு வண்டியைக் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். நீங்கள் காலையிலேயே பஸ் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், டாக்சிக்கு இரண்டு எண்களாவது வைத்துக்கொள்ளுங்கள். சிக்கெஸ்டருக்கு நடந்தே போகலாம் என்று நினைக்கவேண்டாம், ஏ285 ஓரத்தில் இருட்டில் நடப்பது ஆபத்து.

இன்னொரு குறை, விளக்கப் பலகைகள் போதவில்லை. கைகாட்டிக்குக் கொடுத்த கவனத்தில் பாதியைக் கம்பர் மேட்டில் ஒரு பலகைக்குக் கொடுத்திருக்கலாம். எங்களுக்கு முன்னால் ஒரு குடும்பம் மேட்டின் பக்கத்துப் பள்ளத்திலேயே நடந்து போய்க்கொண்டிருந்தது, அவர்களுக்குத் தாங்கள் எதை ஒட்டி நடக்கிறோம் என்றே தெரியவில்லை. கூப்பிட்டுச் சொன்னதும் பையன் ஓடி மேலே ஏறி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு அவன் அம்மாவையும் இழுத்துக்கொண்டு வந்தான். ஒரு சின்ன பலகை இருந்தால் போதும், எத்தனை பிள்ளைகளுக்கு இது கிடைக்கும்! காட்டிலும் குன்றிலும் கழிப்பறை எதுவும் நான் பார்க்கவில்லை, ஆம்பர்லியை விட்டால் ஹால்நேக்கர் பப்தான். சக்கர நாற்காலிக்கும் தள்ளுவண்டிக்கும் குளிர்காலத்தில் இது ஒத்துவராது.

சேற்றைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். சசெக்ஸ் சுண்ணாம்புச் சேறு சாதாரணச் சேறு இல்லை. நனைந்த சுண்ணாம்பு வெள்ளைக் களிம்பு மாதிரி, அதன் மேல் கால் வைத்தால் வழுக்கும், இறக்கத்தில் இன்னும் மோசம். காட்டுக்குள் களிமண் கலந்த இடத்தில் பூட்ஸோடு ஒட்டிக்கொண்டு ஒவ்வொரு காலும் ஒரு கிலோ கூடும். கணுக்கால் மூடுகிற, அடிப்பாகம் ஆழமாக வெட்டிய பூட்ஸ் வேண்டும், ஓட்டக் காலணி கூடாது. முழங்கால் வரை கட்டும் கெய்ட்டர் இருந்தால் நல்லது. கைத்தடி ஒன்று போதும். ஆனால் கவனித்துப் பாருங்கள், கம்பர் மேட்டின் மேல் ஏறியதும் சேறு குறைந்துவிடுகிறது. பள்ளத்தில் தண்ணீர் நிற்கும், மேடு வடிந்திருக்கும். வடிகால் யோசித்துப் போட்ட வேலை இன்னும் வேலை செய்கிறது, அதைக் கால்தான் முதலில் கண்டுபிடிக்கிறது.

சாப்பாடு கையில் கொண்டுபோங்கள். வழியில் ஒன்றும் இல்லை. நாங்கள் டூட்டிங்கில் வாங்கிய மட்டன் ரோல்ஸ், எலுமிச்சைச் சாதம், பிளாஸ்கில் இஞ்சி டீ என்று போனோம். வெளியே 3 டிகிரி, காற்று வேறு, பையிலேயே ரோல்ஸ் குளிர்ந்துவிடும் என்று அக்கா அதைக் கம்பளிச் சாக்ஸில் சுற்றி வைத்திருந்தாள், நல்ல யோசனை, நீங்களும் செய்யுங்கள். பிரிட்டனின் நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 1:25,000 வரைபடம் காகிதத்திலேயே ஒன்று இருக்கட்டும். அதில் ரோமானியத் தொல்லிடங்களின் பெயர்கள் தனி எழுத்துருவில் இருக்கும், சாலையைத் தொடர்வது எளிது, குளிரில் போன் பேட்டரி சட்டென்று இறங்கிவிடுவதும் உண்டு.

15 கிலோமீட்டர் அதிகம், அல்லது பிள்ளைகளோடு வருகிறோம் என்பவர்களுக்கு: காரில் வந்து ஈர்த்தம் காட்டின் நிறுத்துமிடத்தில் விடுங்கள். அங்கிருந்து சாலையைப் பிடித்து பிக்னர் குன்று வரை சுமார் 4 கிலோமீட்டர், அதே வழியில் திரும்பவேண்டியதுதான். கம்பர் மேடு முழுசும் இதற்குள் வந்துவிடும், போகும்போது ஒரு வெளிச்சம், வரும்போது வேறு வெளிச்சம். பிக்னர் குன்றின் மேலேயே நிறுத்தலாமே என்றால், கிராமத்திலிருந்து ஏறும் அந்தச் சந்து குறுகல், செங்குத்து, உறைபனி விழுந்த காலையில் வேண்டாம். பத்து மணிக்கு நடக்கத் தொடங்கினால் சரியாக இருக்கும். டிசம்பரில் நாலு மணிக்குச் சூரியன் மறைகிறது, காட்டுக்குள் அதற்கு அரை மணி முன்னாலேயே இருட்டத் தொடங்கிவிடும், மூன்று மணிக்குள் காருக்குத் திரும்பிவிடுங்கள், பையில் ஒரு டார்ச் எப்படியும் இருக்கட்டும்.